நாற்பத்தோராவது ஸ்லைடின் வெள்ளைப் பட்டை

அலுவலகத்தில் அவளுக்கு ‘மாஸ்டரக்கா’ என்று பெயர். யார் எந்த ஸ்லைடைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் அவள் வாயிலிருந்து முதலில் வருவது, “மாஸ்டர்ல போய்ப் பாத்தீங்களா?” என்பதுதான். ஒவ்வொரு பிரசன்டேஷன் கோப்புக்கும் அடியில், மேலே பார்ப்பவர்கள் கண்ணில் படாமல் ஒரு தாய் ஸ்லைடு இருக்கும். அதற்குத்தான் மாஸ்டர் என்று பெயர். லோகோ, பின்னணி நிறம், எழுத்தின் அளவு எல்லாம் அங்கேதான் குடியிருக்கும். அங்கே போய் மாற்றாமல் மேலே எவ்வளவு முட்டி மோதினாலும் ஒன்றும் நடக்காது. இதெல்லாம் தெரியாமல் புதிதாகச் சேர்ந்த ஒருவர், மாஸ்டரக்கா என்றால் கேன்டீன்காரம்மா என்று நினைத்து முதல் நாளே அவளிடம் சர்க்கரை கம்மியாக ஒரு டீ கேட்டார். அவளும் போய் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தாள். எழுந்து நடக்க அவளுக்கு எப்போதும் ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

ஒரு இடத்தில் உட்கார முடியாத பிறவி அவள். நாற்பத்தாறு வயதிலும் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தாள். வலது கால் மேசைக்கடியில் தையல் மெஷினை மிதிப்பது போல ஆடிக்கொண்டே இருக்கும். பக்கத்து மேசைக்காரி தன் டம்ளர் தண்ணீர் அலையடிக்கிறது என்று சொல்லி இடத்தையே மாற்றிக்கொண்டாள். “ஏதாச்சும் பஸ் பிடிக்கணுமா உனக்கு?” என்று கல்யாணமான புதிதில் கணவர் கேட்டார். இருபத்திரண்டு வருடம் கழித்தும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் வீடு வீடாகப் போய் பிரிட்ஜ், வாஷிங் மெஷின் ரிப்பேர் பார்ப்பவர், நிதானமான மனிதர். ஒரு திருகாணியைக் கழற்றினால் அதை எங்கே வைத்தோம் என்று மறுநாளும் சொல்லுவார்.

இந்த வேலைக்கு வரும் முன்பு அவள் பதினொரு வருடம் ஒரு அச்சுக்கடையில் இருந்தாள். விசிட்டிங் கார்டு, துண்டு நோட்டீஸ், ரசீதுப் புத்தகம். ஒரு எழுத்து நூல் அளவு நகர்ந்திருந்தாலும் கண்ணில் உறுத்தும் பழக்கம் அங்கே வந்ததுதான். பிறகு இந்தக் கட்டடப் பராமரிப்பு நிறுவனத்தில் சேர்ந்தாள். பிறருடைய கட்டடங்களைப் பார்த்துக்கொள்வது நிறுவனத்தின் வேலை. மொத்தம் இருபத்திரண்டு கட்டடங்கள். லிப்ட் ஓடுகிறதா, தண்ணீர்த் தொட்டி கசிகிறதா, சுவரில் வெடிப்பு உண்டா என்று இன்ஜினியர்கள் பார்த்து எழுதித் தருவார்கள். அதை அவள் ஸ்லைடாக்குவாள். மேனேஜர் அதை வைத்துக்கொண்டு கட்டட உரிமையாளர்களின் கமிட்டி முன்னால் பேசுவார்.

மேனேஜருக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது: ‘உடனே’. அவருக்கு எல்லாமே உடனே வேண்டும். கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். யாருக்காவது காய்ச்சல் என்றால் தன் காரிலேயே வீட்டில் கொண்டுபோய் விடுவார். போகிற வழியில், “உடனே சரியாயிடணும்” என்பார்.

அந்த வருடம் நிறுவனத்தை ஒரு பெரிய கம்பெனி வாங்கியது. ஒரு திங்கட்கிழமை காலை புதிய டெம்ப்ளேட் வந்து இறங்கியது. பழையது வெள்ளைப் பின்னணி, மூலையில் பச்சை லோகோ. புதியது ராத்திரி வானம் போலக் கருநீலம், கீழே மெல்லிய ஆரஞ்சுக் கோடு. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குப் புதிய டைரக்டர் அம்மா வருகிறார், கமிட்டியும் வருகிறது. அறுபத்துநான்கு ஸ்லைடும் அதற்குள் நீலமாகிவிட வேண்டும்.

“ஒரு கிளிக்தானே?” என்றார் மேனேஜர்.

“கிளிக் ஒண்ணுதான் சார். அதுக்கப்புறம்தான் வேலையே.”

அவள் சொன்னபடிதான் ஆனது. கிளிக் செய்ததும் பத்தொன்பது ஸ்லைடு சொன்ன பேச்சைக் கேட்டு நீலமானது. மற்றவை அடம் பிடித்தன. சிலவற்றில் பச்சை லோகோ போகவே இல்லை. அடியில் போய்ப் பார்த்தால் ஒரு மாஸ்டர் இருக்கவேண்டிய இடத்தில் பதினான்கு மாஸ்டர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வேறு வேறு கோப்பிலிருந்து ஸ்லைடை எடுத்து, பழைய தோற்றம் மாறாமல் ஒட்டு என்று சொல்லி ஒட்டும்போதெல்லாம், அந்தந்த ஸ்லைடு தன் மாஸ்டரையும் மாமியார் வீட்டுக்குத் துணை கூட்டி வருவது போலக் கூடவே கூட்டி வந்திருந்தது. சில ஸ்லைடுகளில் யாரோ தனியாக வெள்ளை நிறத்தைக் கொடுத்து வைத்திருந்ததால் டெம்ப்ளேட் அங்கே எட்டிப்பார்க்கவே முடியவில்லை. சிலவற்றில் பின்னணி நீலமாகியது, ஆனால் எழுத்தைக் கையால் கறுப்பாக்கி வைத்திருந்ததால் எழுத்து இருளில் கரைந்துவிட்டது. மூன்று ஸ்லைடு ஸ்லைடே அல்ல. முழுப் பக்கத்தையும் போட்டோ பிடித்து ஒட்டியிருந்தார்கள்.

இதற்கு நடுவில் மற்ற கிளைகளிலிருந்து போன் வேறு. எல்லோருக்கும் அதே டெம்ப்ளேட், அதே தலைவலி. ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு நின்றபடியே கேட்பாள்:

“எல்லா ஸ்லைடும் அப்படியா, இது ஒண்ணு மட்டுமா? சரி. அந்த லோகோவைக் கிளிக் பண்ணா பிடிபடுதா? பிடிபடலையா, அப்ப அது மேல இல்ல, அடியில இருக்கு. புதுசா ஒரு வெறும் ஸ்லைடு போடுங்க. அதுலயும் வருதா? வருதுன்னா மாஸ்டர்ல போய்ப் பாருங்க. இல்ல, நான் லைன்லயே இருக்கேன். போங்க.”

வியாழக்கிழமை மதியத்துக்குள் பதினான்கு மாஸ்டர் ஒன்றாகியது. அறுபத்துமூன்று ஸ்லைடு துடைத்துவைத்த பாத்திரம் போலச் சுத்தமாக இருந்தது. மிச்சம் நாற்பத்தோராவது ஸ்லைடு மட்டும்.

அது ஊருக்கு நடுவில் இருந்த ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் பழுதுப் பட்டியல். கீழே வங்கி, நடுவில் அலுவலகங்கள், மூன்றாம் மாடியில் ஒரு கண் ஆஸ்பத்திரி. நீலத்தில் வெள்ளை எழுத்தாக அட்டவணை அழகாகத்தான் வந்திருந்தது. ஆனால் ஆறாவது வரி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைப் பட்டை, காயத்துக்குப் போட்ட பிளாஸ்திரி போல, பளிச்சென்று நின்றது.

அட்டவணையில் அந்த வரிக்கு யாரோ நிறம் கொடுத்திருக்கிறார்கள் என்று முதலில் நினைத்தாள். நிறத்தை எடுத்துப் பார்த்தாள், போகவில்லை. கிளிக் செய்ததும் பட்டை மட்டும் தனியாகப் பிடிபட்டது. அட்டவணைக்கு மேல் வைத்த ஒரு வெள்ளைச் செவ்வகம். வெள்ளைப் பின்னணியில் இத்தனை நாள் அது இருந்ததே யாருக்கும் தெரிந்திருக்காது. அதை ஓரமாக இழுத்து நகர்த்தினாள்.

‘மூன்றாம் மாடி, மேற்கு பால்கனி: அடிப்பக்கத்தில் விரிசல். உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கலாம். ஆறு மாதத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும். அதுவரை ஆட்கள் நிற்க வேண்டாம்.’

மேசைக்கடியில் ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது.

அந்தச் செவ்வகத்தை வைத்தது யார் என்று அவள் யோசிக்கவேண்டிய அவசியமே இல்லை. ஓரம் அட்டவணைக் கோட்டோடு இம்மி பிசகாமல் பொருந்தியிருந்தது. அந்த அலுவலகத்தில் அப்படி வைக்கக்கூடியவள் அவள் ஒருத்திதான். ஒன்றரை வருடத்துக்கு முன்பு ஒரு காலை. கமிட்டி ஆட்கள் உள்ளே உட்கார்ந்தாகிவிட்டது. மேனேஜர் அவள் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, “அந்த ஆறாவது வரி இன்னும் முடிவாகல. அழிக்காதீங்க, பின்னாடி வேணும். இப்பதைக்கு மறைச்சு வைங்க, உடனே” என்றார். அவள் மறைத்தாள். இரண்டு நொடி வேலை. வரியில் என்ன எழுதியிருந்தது என்று படிக்கக்கூட இல்லை. கோடு நேராக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தாள்.

அதன்பின் ஆறு கமிட்டிக் கூட்டம் முடிந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் பழைய கோப்பை நகலெடுத்து, புதிய தேதி போட்டு, மாறியதை மட்டும் மாற்றினார்கள். பட்டையும் கூடவே நகலாகிக்கொண்டு வந்தது.

அந்தக் கட்டடத்தைப் பார்த்து எழுதியவர் ஒரு மூத்த இன்ஜினியர். சட்டைப்பையில் சின்னச் சுத்தியல் ஒன்றை வைத்துக்கொண்டு போகிற இடமெல்லாம் சுவரைத் தட்டிக் காது வைத்துக் கேட்பார். அதனால் அவரைச் ‘சுத்தியல் சார்’ என்பார்கள். இப்போது வேறு கிளையில் இருந்தார். மாடிப்படிக்குப் போய் அவருக்குப் போன் போட்டாள்.

“அந்தக் கண் ஆஸ்பத்திரி பால்கனி என்னாச்சு சார்?”

“எதுவும்மா? மேற்குப் பக்கமா? அது முடிஞ்சிருக்குமே.”

“யார் முடிச்சாங்க?”

“நான் ரெண்டு தடவை எழுதிக் குடுத்தேன். அப்புறம் கமிட்டி ஸ்லைடு எனக்கும் அனுப்பினாங்க. அதுல அந்த வரி இல்ல. சரி, வேற யாரையோ வெச்சுப் பாத்துச் சரி பண்ணிட்டாங்க போலன்னு விட்டுட்டேன். ஏம்மா?”

“அந்த வரி அங்கதான் சார் இருக்கு. மேல ஒண்ணை வெச்சு மூடியிருக்கு.”

“யாரு மூடினா?”

“நான்தான்.”

அவர் திட்டியிருந்தால் தேவலை போல இருந்தது. “ஒன்றரை வருஷம்,” என்றார். “ஒரு மழைக்காலம் முழுசா போயிருக்கு. யாரையும் நிக்க விடாதீங்கம்மா. நான் நாளைக்கு வர முடியுமான்னு பாக்கறேன்.”

மேனேஜர் அறைக்குப் போனபோது அவர் இரண்டு போனில் மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கம்பெனி கைமாறிய நாளிலிருந்து அவர் மதியச் சாப்பாட்டைப் பாதியில் மூடிவைத்துவிடுகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். எந்த மேனேஜர் இருப்பார், எந்த மேனேஜர் போவார் என்று இன்னும் சொல்லவில்லை. அவள் லேப்டாப்பை அவர் முன்னால் வைத்து, பட்டையை நகர்த்திக் காட்டினாள். அவர் வாசித்தார். முகம் ஒரு கணம் வெளிறி, பிறகு பழையபடி ஆனது.

“இது இன்னுமா இருக்கு?”

“இருக்கு சார்.”

“நான் அப்பவே ஒருத்தர்கிட்ட சொன்ன ஞாபகம்.” அவர் நெற்றியைத் தேய்த்தார். “சரி. இப்பதைக்கு அந்தப் பட்டையை நீலமாக்கிடுங்க. நாளைக்கு மீட்டிங் முடியட்டும். திங்கட்கிழமை நானே நேர்ல போய் நிக்கறேன். பின்னணி நிறத்துலயே குடுத்தா தெரியாதில்ல?”

“தெரியாது சார்.”

“அவ்வளவுதான். உடனே பண்ணிடுங்க.”

அவள் இடத்துக்கு வந்தாள். பட்டையைத் தேர்ந்தெடுத்து, நிறப் பட்டியலைத் திறந்தாள். முதல் வரிசையிலேயே அந்தக் கருநீலம் இருந்தது. எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். மறுபடி எழுந்து, காலியாக இருந்த பிரின்டரில் காகிதம் போட்டாள். டப்பாவில் கலந்து கிடந்த கிளிப்புகளைப் பெரிது சிறிது என்று பிரித்தாள். ஐந்தரைக்குப் பட்டையைத் தொடாமலேயே கணினியை மூடிவிட்டு, வீட்டுக்குப் போகிற பஸ்ஸை விட்டு எதிர்ப்பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினாள்.

கண் ஆஸ்பத்திரியில் நல்ல கூட்டம். கண்ணில் மருந்து ஊற்றிக்கொண்டவர்கள் தலையைப் பின்னால் சாய்த்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கூட வந்தவர்களுக்கு உட்கார இடமில்லை. அவர்கள் எல்லாம் கண்ணாடிக் கதவைத் தாண்டி மேற்கு பால்கனியில் நின்றார்கள். எண்ணிப் பார்த்தாள்: பதினொரு பேர். ஒரு பெண், குழந்தையைத் தோளில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் கைப்பிடியில் சாய்ந்து போனில் எதையோ பார்த்துச் சிரித்தார்கள். கீழே தெருவுக்கு இறங்கிப்போய் அண்ணாந்து பார்த்தாள். புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தது. விரிசல் எதுவும் தெரியவில்லை. அல்லது எதைப் பார்த்தால் விரிசல் என்று அவளுக்குத் தெரியவில்லை. நேராக அதற்குக் கீழே நான்கு பேர் பஸ்ஸுக்கு நின்றிருந்தார்கள்.

மறுபடி மூன்று மாடி ஏறினாள். மூச்சு வாங்க ரிசப்ஷனில் இருந்த பெண்ணிடம் அடையாள அட்டையைக் காட்டினாள்.

“அந்த பால்கனில யாரும் நிக்கக் கூடாதும்மா. கொஞ்சம் பூட்டிடறீங்களா?”

“யார் சொன்னாங்க? லெட்டர் ஏதாச்சும் இருக்கா?”

“லெட்டர் வரும்.”

“வரட்டும் மேடம். நான் பாட்டுக்குப் பூட்டினா டாக்டர் என்னைக் கேப்பாரு. இவங்களையெல்லாம் நான் எங்க நிக்க வைக்கிறது?”

அந்தப் பெண் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ‘இடிந்து விழலாம்’ என்று சொன்னால் அத்தனை பேரும் ஒரே வாசலுக்கு ஓடுவார்கள். பாதிப்பேருக்குக் கண் தெரியாது. சொல்ல அவளுக்கு அதிகாரமும் இல்லை. வாயில் வந்ததைச் சொன்னாள்:

“பெயின்ட் அடிக்கப் போறாங்க. நாளைக்குக் காலைலயே ஆள் வருது. இன்னிக்கே காலி பண்ணி வைக்கச் சொன்னாங்க. அப்புறம் எல்லார் சட்டையிலயும் ஒட்டிக்கும்.”

“பெயின்டா? அதை முதல்லயே சொல்ல வேண்டியதுதானே,” என்று அந்தப் பெண் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

பதினொரு பேரும் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே வந்தார்கள். குழந்தைக்காரிக்கு யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். பூட்டு விழுந்த சத்தம் கேட்டபிறகுதான் அவள் கீழே இறங்கினாள். பொய் ஒரு நாள் தாங்கும். அதற்குள் அதை உண்மையாக்க வேண்டும்.

வீட்டில் குக்கரில் தண்ணீர் ஊற்றாமலே அடுப்பில் ஏற்றிவிட்டாள். கருகல் வாடை வந்ததும் கணவர் வந்து அணைத்தார். கல்லூரியில் படிக்கும் மகள் தன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“அம்மா, என் புராஜெக்ட்ல இந்தப் பூப்படம் பின்னாடி போகவே மாட்டேங்குது. எழுத்து மேலயே வந்து உக்காருது.”

“மேல உக்காந்தா பின்னாடி தள்ளு. எல்லா ஸ்லைடுலயும் வேணும்னா மாஸ்டர்ல வை,” என்று சொல்லிக்கொண்டே வாங்கிச் செய்தாள். பிறகு அந்தப் பூவே வேண்டாம் என்று எடுத்தாள். எழுத்தைப் பெரிதாக்கினாள். மகள் பிடுங்கிக்கொண்டு போனாள்.

கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கருகின குக்கரைத் தேய்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

“மறைச்சது நீயா, அவரா?”

“அவர் சொன்னாரு. நான் மறைச்சேன்.”

“அப்ப ரெண்டு பேரும்தான்.”

“ஆமாங்க.”

“நாளைக்கு அந்த வரி தெரிஞ்சா யாருக்குப் போகும் அடி?”

“ரெண்டு பேருக்கும்.”

அவர் குக்கரைக் கவிழ்த்து வைத்தார். “எனக்கு உன் ஆபீஸ் விவகாரம் புரியாது. ஒரு பிரிட்ஜுல கேஸ் லீக்னு தெரிஞ்சப்புறம் நான் மூடி வெச்சுட்டு வரமாட்டேன். அவங்க என்னைத் திட்டினாலும் பரவால்ல. சாப்புடு முதல்ல.”

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கெல்லாம் அவள் அலுவலகத்தில் இருந்தாள். பட்டையைத் தேர்ந்தெடுத்து நீக்கினாள். ஆறாவது வரி மற்ற வரிகளோடு சேர்ந்து அதே அளவில், அதே வெள்ளையில் நின்றது. சேமித்தாள். நகல் ஒன்றைப் பென் டிரைவில் போட்டாள். பத்து நாற்பதுக்கு மேனேஜர் வந்ததும் அவர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

“சார், நீங்க சொன்னதை நான் பண்ணல. பட்டையை எடுத்துட்டேன். வரி தெரியும்.”

அவர் கையிலிருந்த போனை மேசைமேல் வைத்தார்.

“சொல்லாம வெச்சிருந்தா உங்களை அங்க எல்லார் முன்னாடியும் நிக்க வெச்ச மாதிரி ஆயிடும். அதான் சொல்றேன். மறைக்கணும்னா ஃபைல் உங்க கம்ப்யூட்டர்லயே இருக்கு, நீங்க பண்ணிக்கலாம். எனக்குக் கை வரல. நேத்து போய்ப் பாத்தேன். பதினொரு பேர் நின்னாங்க.”

“போனீங்களா?” என்றார். பிறகு, “மீட்டிங் இருபது நிமிஷத்துல,” என்றார். அது அவளுக்குச் சொன்னதா, தனக்கே சொல்லிக்கொண்டதா என்று தெரியவில்லை. அவள் வெளியே வந்துவிட்டாள்.

அந்த இருபது நிமிடம் அவள் வராந்தாவில் நடந்தாள். கண்ணாடிக்கு அப்பால் மேனேஜர் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். கை மவுஸின் மேல் இருந்தது. நகர்ந்ததா என்று அங்கிருந்து பார்த்தால் தெரியவில்லை.

கூட்டத்தில் ஸ்லைடு தள்ளுவது எப்போதும் அவள்தான். டைரக்டர் அம்மா முதல் வரிசையில் குறிப்பேட்டில் குறித்துக்கொண்டே வந்தார். கமிட்டி ஆட்கள் ஏழு பேர். நீலம் அருமையாக இருப்பதாக ஒருவர் சொன்னார். இருபது, முப்பது, நாற்பது. அவள் விரலைப் பொத்தானில் வைத்தாள். அழுத்தினாள்.

ஆறாவது வரி இருந்தது.

மேனேஜர் முதல் ஐந்து வரியை வழக்கம் போல வேகமாகச் சொன்னார். ஆறாவதுக்கு வந்ததும் நின்றார். தண்ணீர் எடுத்துக் குடித்தார். பிறகு அந்த வரியை ஒரு வார்த்தை விடாமல், அவர் எப்போதும் பேசுகிற வேகத்தில் பாதி வேகத்தில், சத்தமாக வாசித்தார்.

“இது எப்ப எழுதினது?” என்று கேட்டார் டைரக்டர் அம்மா.

“பதினெட்டு மாசம் ஆச்சு மேடம்.”

“போன கமிட்டி ஸ்லைடு என்கிட்ட இருக்கு. அதுல இது இல்லையே.”

“மறைச்சிருந்தோம். மறைக்கச் சொன்னது நான்.”

மூலையில் நின்றிருந்த அவள், தன் குரல் இவ்வளவு மெல்லியதா என்று தானே வியக்கும்படி, “வெச்சது நான் மேடம். நேத்திலிருந்து அந்தக் கதவைப் பூட்டியிருக்கு. ஆனா பெயின்ட்டுனு சொல்லித்தான் பூட்ட வெச்சேன். ஒரு லெட்டர் போனா நல்லது,” என்றாள்.

டைரக்டர் அம்மா அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் குறிப்பேட்டை மூடினார். “லெட்டரை இப்பவே அடிங்க. மீதி ஸ்லைடு அப்புறம்.”

மதியம் சுத்தியல் சார் வந்துவிட்டார். பால்கனியை மட்டுமல்ல, கீழே பஸ் நிற்கும் இடத்தையும் கயிறு கட்டி அடைத்தார்கள். இரண்டு நாள் கழித்து அடிப்பக்கத்துப் பூச்சைக் கொத்தி எடுத்தபோது, விரல் தடிமன் இருக்கவேண்டிய கம்பி சில இடங்களில் பென்சில் முனை போல மெலிந்திருந்தது. “இன்னும் ரெண்டு வருஷம் நின்னிருக்கலாம். அடுத்த மழையில போயிருக்கலாம். என்னால சொல்ல முடியாது,” என்றார் அவர். அவளைப் பார்த்து வேறொன்றும் சொல்லவில்லை. அவரும் விசாரிக்காமல் விட்டவர்தானே. அந்த எண்ணம் அவருக்கும் உள்ளே ஓடியிருக்க வேண்டும்.

விளக்கம் கேட்டு அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. ‘அவசரத்தில் செய்தேன், மேலிடம் சொன்னதால் செய்தேன்’ என்று எழுதச் சொல்லிப் பழைய பக்கத்து மேசைக்காரி யோசனை கொடுத்தாள். அவள் இரண்டே வரி எழுதினாள்: ‘அந்த வரியின் மேல் செவ்வகத்தை வைத்தது நான். வைக்கும்போது கீழே என்ன இருக்கிறது என்று படிக்கவில்லை.’ பதிலுக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. வேலை போகவில்லை. ஆனால் கமிட்டிக் கூட்டத்தில் ஸ்லைடு தள்ளும் வேலையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அதில் அவளுக்கு வருத்தம் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

மேனேஜரை வேறு ஊருக்கு, ஒரு படி கீழே இறக்கி மாற்றினார்கள். கடைசி நாள் ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் மேசை அருகே நின்றார். பெட்டியில் ஒரு டம்ளர், இரண்டு டைரி, மடக்கின குடை.

“என் பொண்ணுக்குக் கண்ணாடி மாத்த அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிட்டுப் போவேன்,” என்றார். “அவளை உள்ள உக்கார வெச்சுட்டு, நான் அந்த பால்கனில நின்னு போன் பேசுவேன். மறைக்கச் சொன்னதுக்கப்புறம் நாலு தடவையாவது நின்னிருப்பேன். ஒரு தடவைகூட ஞாபகம் வரல.”

தனக்கும் ஞாபகம் வரவில்லை என்பதைச் சொல்லலாமா என்று பார்த்தாள். அதற்குள் அவர் பெட்டியை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

“அன்னிக்கு அந்த இருபது நிமிஷத்துல நான் மறைக்கத்தான் உக்காந்தேன். எப்படிப் பண்றதுன்னு தெரியல. உங்களைக் கூப்பிடலாம்னா உங்களைக் கூப்பிட முடியாது.” கொஞ்சம் சிரித்தார். “அப்புறம் சரின்னு விட்டுட்டேன். இதை யார்கிட்டயும் சொல்லல, உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன்.”

“பாத்துப் போங்க சார்,” என்றாள். கதவு வரை கூடப் போய், அவருக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

அதன்பின் அவள், யாரும் கேட்காமலே, இருபத்திரண்டு கட்டடங்களின் பழைய கோப்புகளையும் ஒவ்வொன்றாகத் திறந்தாள். சாப்பாட்டு நேரத்தில் அரைமணி, சாயங்காலம் அரைமணி. ஸ்லைடில் இருக்கும் பொருள்களின் பட்டியலைத் திறந்து, செவ்வகம் என்று எதைக் கண்டாலும் நகர்த்திப் பார்த்தாள். ஒன்பது கட்டடம் முடிவதற்குள் இருபத்தாறு பட்டை அகப்பட்டது. பெரும்பாலானவை சாதாரணம்: எழுத்துப் பிழை, மாறிப்போன போன் நம்பர், வேலையை விட்டுப் போனவரின் முகம். ஒன்றின் கீழ் ஒரு லிப்டைப் பற்றிய வரி இருந்தது. அதைச் சுத்தியல் சாருக்கு அனுப்பினாள். அது முன்பே சரி செய்தது என்று அன்றே பதில் வந்தது. நேரில் பார்த்தீர்களா என்று திரும்பக் கேட்டு எழுதினாள். மறுநாள் போய்ப் பார்த்துவிட்டு, கதவு திறந்து மூடும் வீடியோவையே எடுத்து அனுப்பினார்.

பத்தாவது கோப்பைத் திறந்தாள். பின்னணி இன்னும் பழைய வெள்ளையாகத்தான் இருந்தது. நீலமாக்கினாள். மூன்றாம் ஸ்லைடில் வலது ஓரத்தில் ஏதோ வெளுப்பாகத் தெரிந்தது. நாற்காலியை விட்டு எழுந்து, நின்றபடியே மவுஸைப் பிடித்து, அதை நகர்த்தினாள்.